வீரமாமுனிவரும் ஒரு இண்டர்வியூவும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அக்கா பையன் ஊர்ல இருந்து போன் பண்ணான். இன்ஜினியரிங் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. பெங்களூர்ல ஒரு கம்பெனியில இண்டர்வியூவாம்.

"மாமா, மூணு ரவுண்டு. ஹெச்.ஆர். வடக்கத்திக்காரங்க. கடைசி ரவுண்டுல வெள்ளைக்காரன் ஒருத்தன் வீடியோவுல கேள்வி கேப்பானாம். ஏலாக்குறிச்சில இருந்து போய் இதெல்லாம் நடக்குற கதையா?"

எனக்கு சிரிப்பு வந்துச்சு. கேலி பண்ணல. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படி ஒரு ரூம்ல உக்காந்து, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு இங்கிலீஷ்ல கேட்டதுக்கு, அப்பா பேரையும் ஊர்ப் பேரையும் சொல்லிட்டு முழிச்சவன்தான் :-)

"டேய், உங்க ஊர்லதான்டா இதுக்கெல்லாம் வாத்தியாரே இருந்தாரு"ன்னேன். அவனுக்குப் புரியல. அவனுக்குச் சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

ஏலாக்குறிச்சி தெரியாதவங்களுக்கு: தஞ்சாவூர்ல இருந்து அரியலூர் போற ரோட்டுல கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினா திருமானூர். அங்கிருந்து கிழக்கால போகணும். அடைக்கல மாதா கோயில் இருக்குற ஊர். திருக்காவலூர்னு இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. அந்தப் பேரைப் பாட்டுல ஏத்தி 'திருக்காவலூர்க் கலம்பகம்' பாடினவர் வீரமாமுனிவர்.

அவரோட நிஜப் பேரு கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680ல இத்தாலியில பிறந்தவர். முப்பது வயசுல கப்பலேறி, 1711 வாக்குல மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. வந்த இடத்துல மரியாதை கிடைக்கணும்னா என்ன உடுத்தணும், என்ன சாப்பிடணும்னு முதல்ல கத்துக்கிட்டார். மதுரையில அவருக்கு நூறு வருஷம் முன்னாடி ராபர்ட் டி நொபிலி போட்டுக் கொடுத்த வழி அது. சந்நியாசி உடை, மரக்கறி சாப்பாடு. இன்னிக்கு 'டிரஸ் கோடு'ன்னு சொல்றாங்களே, அதுதான்.

அப்புறம் பாஷை. இங்கதான் மனுஷன் கெட்டிக்காரர். தமிழ் ஒண்ணு இல்ல, ரெண்டுன்னு புரிஞ்சுக்கிட்டார். சந்தையில பேசுறது ஒண்ணு, புலவர்கிட்ட பேசுறது ஒண்ணு. பேச்சுத் தமிழுக்குத் தனியா ஒரு இலக்கணத்தை லத்தீன்ல எழுதினார், 1728ல. புலவர் தமிழுக்கு 1730ல தொன்னூல் விளக்கம், 1732ல சதுரகராதி. எந்த இடத்துல எந்தத் தமிழ்னு தெரிஞ்சவர். இண்டர்வியூவுக்குப் போறவனுக்கு வேண்டிய பாதி வித்தை இதுதானே?

இப்ப எங்க பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைக்கு வருவோம். 1736ல சந்தா சாகிப் திருச்சியைப் பிடிச்சார். அவரைப் பார்க்கப் போகணும்னு, முனிவர் மூணே மாசத்துல பாரசீகமும் இந்துஸ்தானியும் கத்துக்கிட்டாராம். தர்பார்ல அவர் மொழியிலேயே பேச, சந்தா சாகிப் அசந்து போய் 'இஸ்மத் சந்நியாசி'ன்னு பட்டம் கொடுத்து, பல்லக்கும் கொடுத்து, தன்னோட திவானாவே ஆக்கிட்டாராம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதையைப் பரப்பினது முத்துசாமிப் பிள்ளை எழுதின வாழ்க்கை வரலாறு. அது வந்தது 1822ல. முனிவர் 1747ல காலமாயிட்டார். நடுவுல முக்கா நூற்றாண்டு. திவான் வேலை பார்த்தாருங்கறதுக்கு அவர் காலத்து ஆதாரம் இல்லன்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் சொல்றாங்க.

அதாவது, அவரோட ரெஸ்யூமேல பின்னாடி வந்தவங்க ரெண்டு வரி சேர்த்துட்டாங்க! பாசத்துல செஞ்சதுதான். ஆனா அந்த வரி தேவையே இல்ல. ஏன்னு பாருங்க.

அவர் தரங்கம்பாடி லுத்தரன் மிஷன்காரங்களோட சண்டை போட்டவர். அவங்களைக் கண்டிச்சு புத்தகமே எழுதியிருக்கார். அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான் 1738ல அவரோட பேச்சுத் தமிழ் இலக்கணத்தை அச்சடிச்சது. எதிர்க்கட்சிக்காரனே எடுத்து அச்சுப் போடுறான்னா, அதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் உண்டா?

இதுக்கப்புறம்தான் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1812ல சென்னையில புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பின்னாடி நின்னவர் எல்லிஸ் துரை. கம்பெனி வேலைக்கு இங்கிலாந்துல இருந்து வந்து இறங்குற இளவட்டங்க நம்ம பாஷைகளைப் படிச்சுப் பரீட்சை எழுதணும். தேறினாத்தான் சம்பளம் ஏறும், நல்ல உத்தியோகம் வரும். முனிவரோட எழுத்துகளைத் தேடிச் சேர்க்க தெற்கே அனுப்பப்பட்டவர், மேல சொன்ன அதே முத்துசாமிப் பிள்ளை. செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன்ங்கிற துரை இங்கிலீஷ்ல ஆக்கினார், 1822ல சென்னையில அச்சாச்சு. அதே வருஷம் லண்டன்ல பரமார்த்த குரு கதையும் வந்துச்சு. இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட, சொற்பட்டியலோட. எதுக்கு? தமிழ் கத்துக்கிறவங்களுக்கு.

கற்பனை பண்ணிப் பாருங்க. இருபது வயசு வெள்ளைக்காரப் பையன், சென்னை வெயில்ல வேர்த்து விறுவிறுத்து, பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்பின சீடர்கள் கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். எதிர்ல முன்ஷி. 'ழ' வரலை. வேலை வேணுமே! அன்னிக்கு வாய் குளறினது அவங்களுக்கு.

காலம் மாறிடுச்சு. 1855ல கம்பெனி சிவில் சர்வீஸுக்குப் போட்டிப் பரீட்சை வந்தப்ப, அதை லண்டன்ல வச்சாங்க. நம்மாளுங்க கடல் தாண்டிப் போய் எழுதணும். முதல் இந்தியரா சத்யேந்திரநாத் தாகூர் தேறினது 1863ல. இந்தியாவுலேயும் அந்தப் பரீட்சை எழுதலாம்னு ஆனது 1922ல. பரீட்சை எங்க, எந்த பாஷையிலங்கறதை அதிகாரம் இருக்குறவன் முடிவு பண்றான். இதுல அறிவு கூடக் குறைச்சல்னு ஒண்ணும் இல்ல.

இதை அவன்கிட்ட சொன்னப்ப சட்டுனு ஒரு கேள்வி கேட்டான். "முனிவர் விரும்பிப் படிச்சாரு மாமா. எனக்கு வேற வழி இல்லயே?"

நியாயமான கேள்வி. கம்பெனிப் பசங்களும் வேற வழியில்லாமத்தான் தமிழ் படிச்சாங்க. அதுக்காக அவங்க தங்களைத் தாழ்வா நெனைக்கல. படிக்க வேண்டிய பாடம், படிச்சாங்க, அவ்வளவுதான். நீ மட்டும் ஏன் கூனிக் குறுகணும்?

கடைசியில மூணு விஷயம் சொன்னேன். எதிர்ல உக்கார்றவங்க யாரு, எப்படிப் பேசுவாங்க, எதை மரியாதைன்னு நெனைப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோ. செஞ்ச பிராஜக்டைத் தமிழ்ல ஒருதடவை, இங்கிலீஷ்ல ஒருதடவை, சத்தமா, யார்கிட்டயாவது சொல்லிப் பாரு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாத. திவான் வரி வேண்டாம்.

ஒரு வாரம் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு நான்தான் வெள்ளைக்காரன் :-) முதல் நாள் அவன் பேசினது ரெண்டு நிமிஷம்கூட இல்ல. ஏழாவது நாள் நான் குறுக்க கேள்வி கேட்டா, "ஒரு நிமிஷம் சார், முடிச்சுடறேன்"னு இங்கிலீஷ்லேயே சொன்னான்.

இண்டர்வியூ முடிஞ்சு மூணாவது ரவுண்டு வரைக்கும் போயிருக்கான். முடிவு இன்னும் வரல. "வெள்ளைக்காரர் ஊரு எங்கன்னு கேட்டாரு மாமா. ஏலாக்குறிச்சின்னு சொல்லி, உங்க இத்தாலிக்காரர் கதையையும் சொன்னேன்"ன்னான்.

"திவான் கதையச் சொன்னியா?"

"இல்ல மாமா. இலக்கணத்தை எதிராளியே அச்சடிச்சதைச் சொன்னேன்."

பையன் தேறிட்டான். கம்பெனிக்காரங்க சொல்றது அவங்க இஷ்டம்.