கம்பளி, சாக்கு, கித்தான்

மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டது போக மிஞ்சிய மழைதான் கொங்கு நாட்டுக்கு. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து இறங்கிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தால் ஆண்டுச் சராசரி 700 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. ஆனாலும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் காற்று சாரலையும் கூடவே கூட்டிவரும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் மேடுகளில் அந்தச் சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதோ வேறு மழை. இடியும் மின்னலுமாக ஒரே இரவில் பள்ளங்களை நிரப்பிவிட்டுப் போகும்.

இந்த இரண்டு மழைக்கும் குடை சரிப்பட்டு வராது. காற்று அதை மடக்கிவிடும். மடக்காவிட்டாலும் ஒரு கை குடைக்கே போய்விடும். மேழி பிடித்தவருக்கும், ஆட்டை மறித்துக் கோல் ஓங்குபவருக்கும், களையெடுக்கும் பெண்ணுக்கும் இரண்டு கையும் வேண்டும். குனிந்து வேலை செய்பவரின் முதுகுக்குக் குடை காவலும் அல்ல. எனவே இங்கே மழைக்காப்பு தலையிலிருந்து முதுகு வழியாக முழங்கால் வரை இறங்கும் துணியாக அமைந்தது. அதுதான் கொங்காடை. வேறு வட்டாரங்களில் கொங்காணி என்பார்கள்.

அதற்குத் தையற்காரர் தேவையில்லை. ஒரு கம்பளியை அகலவாக்கில் இரண்டாக மடித்து, மேல் ஓரங்களை ஒன்றுசேர்த்து முடிந்தாலோ நான்கு தையல் போட்டாலோ உச்சியில் ஒரு கூம்பு கிடைக்கும். கூம்புக்குள் தலை. மற்ற பாகம் தோளை மூடி முதுகில் சரியும். முன்பக்கம் திறந்தே இருக்கும். கைகள் தாராளமாக வேலை செய்யும். மழை விட்டதும் முடிச்சை அவிழ்த்தால் அது மறுபடியும் கம்பளி. இரவில் பட்டிக் காவலுக்குப் படுக்கும்போது பாதியைக் கீழே விரித்து மீதியைப் போர்த்திக்கொள்ளலாம். இரண்டு கவைக்கோல்களை நட்டுக் குறுக்கே ஒரு தடியைப் போட்டு அதன்மேல் விரித்தால், புதிதாக ஈன்ற குட்டிக்கு ஒரு நிழல் ஆகிவிடும்.

உடுப்பு, படுக்கை, கூரை மூன்றும் ஒரே துணியில் அடங்க வேண்டும் என்ற யோசனை உலகத்து ராணுவங்களுக்கும் வந்தது. 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் ரப்பர் பூசிய போர்வைகளை மழையில் போர்த்திக்கொண்டார்கள், இரவில் விரித்துப் படுத்தார்கள். ஜெர்மன் ராணுவம் 1931இல் ஏற்ற முக்கோணத் துணி, ஒருவருக்கு மழை அங்கி; நான்கு பேர் தங்கள் துண்டுகளைப் பொத்தானிட்டு இணைத்தால் நால்வரும் படுக்கக் கூம்புக் கூடாரம். சோவியத் சிப்பாயிடம் இருந்தது ஏறத்தாழ 1.8 மீட்டர்ச் சதுரக் கித்தான். பிரிட்டிஷ் படையின் தரைவிரிப்புக்குக் கழுத்துப்பட்டியும் பொத்தான்களும் வைத்து அதையே மேலங்கியாக ஆக்கினார்கள். திறந்த வெளியில் இரவு தங்க வேண்டியவர், சுமக்கும் எடையைக் குறைத்தாக வேண்டும். சிப்பாய்க்கும் இடையருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

கொங்கு நாட்டில் இந்தத் துணிக்கு மூலப்பொருள் தந்தது குறும்பை ஆடு. கால்நடைத் துறையினர் கோயம்புத்தூர் இனம் என்று பதிவு செய்திருப்பது இதைத்தான். உடல் வெள்ளை, தலையிலும் கழுத்திலும் கறுப்போ பழுப்போ படர்ந்திருக்கும். திருச்சி, சேலம் பக்கத்துக் கறுங்குறும்பை முழுக்கக் கறுப்பு. இந்தக் கம்பளி ஆடுகளோடு மேச்சேரி ஆட்டைச் சேர்க்க முடியாது. மேச்சேரிக்கு உடம்பில் இருப்பது குட்டை முடி. தோலுக்கும் கறிக்கும் பேர்போனது, நூற்பதற்கு ஆகாது.

கம்பளி நெய்தவர்கள் பெரும்பாலும் குறும்பர்கள். மேய்ப்பதும் நெய்வதும் ஒரே குடும்பத்துத் தொழிலாக இருந்தன. ரோமத்தைக் கத்தரித்து, அலசி, உதறி, வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். பெண்கள் நூற்பார்கள். பாவு நூலுக்கு விறைப்பு ஏற்றப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைப் பூசிக் காயவிடுவார்கள். தறி தரையோடு தரையாக இருக்கும். அதில் அகலமாக நெய்ய முடியாது. அதனால் இரண்டு பட்டைகளை நெய்து நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு நனைத்துக் காலால் துவைத்து மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கண் அடைபடும். மழைக்குத் தாங்கும் கம்பளி தறியில் பாதியும் மிதியில் பாதியுமாக உருவானது.

அது தண்ணீரைத் தடுத்த விதமும் தனி. ஆட்டின் தோலில் சுரக்கும் மெழுகுப் பிசுக்கு ரோமத்தில் ஒட்டியிருக்கும். கடுமையாக வெளுக்காத கம்பளியில் அதில் ஒரு பங்கு தங்கிவிடும். தூறல் அதன்மேல் முத்தாக உருண்டு ஓடும். நேரம் ஆக ஆகக் கம்பளி நனையத்தான் செய்யும். ஆனால் ரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. உடம்புச் சூட்டையும் விடாது. குறைகளும் உண்டு. முழுக்க நனைந்த கம்பளி பாரம். காய இரண்டு நாள் வெயில் வேண்டும். முரட்டு ரோமம் கழுத்தை அறுக்கும்.

இத்தனை உழைப்பில் உருவான துணிக்கு மழைக்காலத்தோடு மதிப்பு முடிந்துவிடவில்லை. உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் வட்டாரங்களில் வாழும் ராஜகம்பளத்து நாயக்கர்களின் சமூகப் பெயரிலேயே கம்பளம் இருக்கிறது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல், அவர்களின் ஒன்பது கம்பளப் பிரிவுகளைக் குறிப்பிடுகிறது. நாட்டாண்மைக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவின் பிரதிநிதியும் அமர ஒரு கம்பளி என்பதே அந்தக் கணக்கு. காட்டில் ஆட்டுக்காரரின் தலையில் கிடந்த துணிதான் ஊர்க்கூட்டத்தில் நியாயம் பேசுபவரின் இருக்கையும்.

கம்பளிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது கடனோடு கூடியது. 19ஆம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போனார்கள். மலைக்குளிருக்குத் தோட்டம் அவர்களுக்கு ஒரு கம்பளி கொடுக்கும். அது தானம் அல்ல. அதன் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. வழிச்செலவும் அரிசியும் கடனாக ஏறிக்கிடக்க, அவற்றோடு கம்பளியும் ஒரு வரியாகக் கணக்கில் ஏறியது. அதைத் தலையில் போட்டுக்கொண்டுதான் அவர்கள் மழையில் காட்டை வெட்டினார்கள், கொழுந்து எடுத்தார்கள்.

ஆனைமலையின் மேல் வால்பாறைத் தோட்டங்கள் எழும்பியபோதும் மழைதான் தொழிலாளியின் முதல் எதிரி. விடுதலைக்குப் பிறகு வந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதை நேராகத் தொட்டது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி வழங்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அது. கூலியில் பிடித்துக்கொண்டு கொடுத்த கம்பளி, சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமையாக மாற நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சமவெளியிலோ கம்பளி எல்லோருக்கும் எட்டும் பொருளாக இருக்கவில்லை. பண்ணையத்து ஆளுக்கும், மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் அதை வாங்க வழியில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தது சணல் சாக்கு. 1855இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு, இந்தியாவின் தானியமும் பருத்தியும் கடலையும் சாக்கில் ஏறின. காலிச் சாக்குகள் கொங்குத் தோட்டங்களிலும் குவிந்தன. சாக்கின் அடிப்பக்கத்து மூலை ஒன்றை உள்ளே தள்ளி, எதிர் மூலைக்குள் பொருத்தினால் அதே கூம்பு, அதே கொங்காடை. முடிச்சுகூடப் போட வேண்டாம். சாக்கு ஒரு மணி நேர மழையைத் தாங்கும். அதற்குமேல் ஊறி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குளிரைத் தடுக்காது. ஆனாலும் காசு கொடுக்காமல் கிடைத்த மழைக்காப்பு அது ஒன்றுதான். கொங்கு நாட்டு உழைப்பாளிகளின் பல தலைமுறைகள் மழையைச் சாக்குக்குள் இருந்தே பார்த்தன.

கித்தான் இரண்டு வழியாக வந்தது. ஒன்று ராணுவ வழி. நீலகிரியின் வெலிங்டனில் 1850களிலேயே பாசறை எழும்பியது. மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இன்றும் அங்குதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை கோவையில் விமானப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றை நடத்தியது, எச்.எம்.எஸ். கருடா என்பது அதன் பெயர். பர்மாப் போர்முனைக்கு இந்தியாவே பின்தளமாக இருந்ததால், 1945இல் சண்டை ஓய்ந்தபோது கூடாரம், தரைவிரிப்பு, மேலங்கி, பூட்ஸ் என்று மலைமலையாகத் தளவாடம் தேங்கியது. அரசு அவற்றை ஏலம் விட்டது. இந்தக் கழிவு விற்பனையால் டிஸ்போசல் என்ற சொல்லே சந்தைப் பேச்சில் நிலைத்தது. வழங்கல் மற்றும் டிஸ்போசல் தலைமை இயக்ககம் 2017 வரை டெல்லியில் இயங்கியது. ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறிப் பச்சைக் கித்தான் ஊர்ச் சந்தைகளுக்கு வந்தது.

மற்றது லாரி வழி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் வேர்விட்டபோது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தார்ப்பாய் தேவைப்பட்டது. மெழுகு ஏற்றிய தடித்த பருத்திக் கித்தான். ஓரத்தில் பித்தளைக் கண்கள். கயிறு போட்டு இறுக்கினால் சரக்கு நனையாது. படுதா என்றும் சொல்வார்கள். நாலு மழைக்காலம் பார்த்து ஓட்டை விழுந்த தார்ப்பாய் தோட்டங்களுக்கு விலைக்குப் போகும். களத்தில் காயும் கடலை, ஈரோட்டுச் சந்தைக்குப் போகவிருக்கும் மஞ்சள் குவியல், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை, கரும்பு வெட்ட வந்தவர்களின் குடில் எல்லாவற்றின் மேலும் அது ஏறும். கிழிந்த துண்டு கடைசியில் யாரோ ஒருவரின் தலைக்குக் கொங்காடையாகும்.

கித்தான் மழையைத் தடுப்பதில் பருத்தியின் குணமும் சேர்ந்திருக்கிறது. நனைந்ததும் நூல் ஊதிப் பருக்கும். நெருக்கமாக நெய்த துணியில் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். கூடாரத்தில் இருப்பவர்களிடம் மழை பெய்யும்போது உள்பக்கத்தைத் தொடாதே என்று சொல்வது இதனால்தான். விரல் பட்ட இடத்தில் நீர்ப்படலம் உடைந்து அங்கிருந்து சொட்டத் தொடங்கும். ரப்பர் பூசிய ராணுவ மேலங்கி இதைவிடக் கெட்டி. ஆனால் உள்ளேயிருந்து வரும் வியர்வையையும் அது வெளியே விடாது. அதைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் மழையில் நனையாதவர் வியர்வையில் நனைவார். கம்பளிக்கு இந்தக் கோளாறு இல்லை.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. உரச்சாக்கு சணலிலிருந்து நெகிழி இழைக்கு மாறியது. நீலமும் வெள்ளியுமாகப் பளபளக்கும் பாலித்தீன் ஷீட் கித்தானின் இடத்தைப் பிடித்தது. எடை குறைவு, விலை குறைவு, பூஞ்சை பிடிக்காது. வெயிலில் கிடந்தால் சில பருவங்களில் நொறுங்கி மண்ணோடு மண்ணாகக் கலக்கும் என்பதுதான் கெடுதல். போர்வைச் சந்தையையோ பழந்துணியை நார் நாராக்கி நெய்யும் பானிப்பட் ஆலைகள் பிடித்துக்கொண்டன. ஒரு குறும்பர் குடும்பம் நாள்கணக்கில் உழைத்து நெய்ததை அந்த விலைக்குத் தர முடியாது. தறி நின்றது. ரோமத்துக்கு விலை இல்லாதபோது குறும்பையை வளர்ப்பதற்கும் பாதிக் காரணம் போய்விட்டது.

இதை வளர்ச்சியின் இயல்பு என்று கைகழுவிவிட முடியாது. தெலங்கானாவில் கொங்கடி, மகாராஷ்டிரத்தில் கோங்கடி என்று இதே துணிக்கு இன்றும் பெயரும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். தக்காணத்து முரட்டு ரோமத்தை மறுபடி நூற்று விற்கும் முயற்சிகள் அங்கே நடக்கின்றன. கொங்கு நாட்டில் வசதிகளுக்குப் பஞ்சமில்லை. 1956 முதல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இயங்குகிறது. மேச்சேரி இனத்துக்கென்று 1978 முதல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. குறும்பையின் ரோமத்துக்கும் அப்படி ஒரு கவனம் வேண்டும்.

செய்யவேண்டியது பெரிய காரியமும் அல்ல. புளியங்கொட்டைப் பசையை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், எத்தனை நேரம் மிதிக்க வேண்டும் என்பதைக் கையால் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைப் படம்பிடித்துப் பதிய வேண்டும். ரோமத்தைத் தரம் பிரித்து வாங்க ஒரு கொள்முதல் நிலையம் வேண்டும். நெய்து வரும் முதல் கொங்காடைகளை இன்றும் ஆனி, ஆடிச் சாரலில் பாலித்தீன் போர்த்தி ஆடு ஓட்டும் இடையர்களிடமே கொடுத்துப் பார்க்கலாம். மழைக்காப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.