பனிக்காலக் கடலும் ஹெசில் ரோட்டுப் பெண்களும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நமக்கு ஒரு கண் வயலிலும் ஒரு கண் வானத்திலும் இருக்கும். கதிர் சாய்ந்துவிடுமோ, வரப்பு உடைந்துவிடுமோ என்று ராத்திரியில் தூக்கம் வராது. இப்படி வானத்தைப் பார்த்தே பிழைக்கிற ஜனங்கள் உலகம் பூராவும் இருக்காங்க. அதில் ஒரு ஊரைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்து தேசத்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில், ஹல் என்று ஒரு துறைமுகம். 1883-ஆம் ஆண்டில் அங்கே மீன்பிடிக் கப்பல்களுக்கென்று ஒரு கப்பல் துறை திறந்தார்கள். அதை ஒட்டிப் போகிற தெருவுக்கு ஹெசில் ரோடு என்று பெயர். அந்தத் தெருவிலும் அதன் சந்துகளிலும் இருந்த குடும்பங்களுக்கு மீன்தான் சோறு. புருஷன் கப்பலில் போவார். மாமனார் துறையில் சரக்கு இறக்குவார். மனைவி மீன் கொட்டகையில் மீன் அரிவாள். பாட்டி வீட்டு வாசலிலேயே வலை பின்னுவாள். எஞ்சிய தலை, முள், குடல் எல்லாம் மாவாக அரைபட்டுக் கால்நடைத் தீவனமாகப் போகும். அந்த வாடை தெரு பூராவும் வீசும்.

குளிர்காலத்தில் அந்த ஊரின் ஒரு நாள் எப்படித் தொடங்கும் தெரியுங்களா? நடு ராத்திரிக்கு மேலே. கடைத்தெருவில் பனி உறைந்து கிடக்கும். மரக்கட்டைச் செருப்பு போட்ட ஆட்கள் டக் டக்கென்று நடந்து துறைக்குப் போவார்கள். ஐஸில் அடுக்கின மீனைக் கூடை கூடையாக இறக்குவார்கள். விடிந்ததும் ஏலம். ஏலம் முடிந்த கையோடு மீன் கொட்டகையில் பெண்கள் வேலை தொடங்கும். ஐஸ் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மீன் அரிய வேண்டும். விரல் மரத்துப்போகும்.

கப்பலில் போன ஆண்கள் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். வீட்டில் தங்குவது மூன்று நாள் கூட முழுசாக இருக்காது. அதற்குள் பிள்ளைகளைக் கொஞ்சி, கடனை அடைத்து, கூட்டாளிகளோடு செலவு செய்துவிட்டு மறுபடியும் கிளம்பணும். மூன்று நாள் லட்சாதிபதி என்று ஊரில் அவர்களைக் கேலி பேசுவார்கள். மீன் நல்லா விழுந்தால் பங்குப் பணம் வரும். விழவில்லை என்றால் கையில் ஒன்றும் நிற்காது. மழை பொய்த்த வருஷம் நம்ம கதை மாதிரிதான்.

புருஷன் கிளம்புகிற அன்று அந்த வீட்டில் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் அவரைக் கடல் அலசிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. வழியனுப்பத் துறைக்குப் போகக் கூடாது, கை அசைக்கக் கூடாது. கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அதே மாதிரி. கப்பல் துறைப் பக்கம் பெண் வந்தாலே ஆகாது என்று இருந்தார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

இந்தக் கப்பல்கள் போனது ஐஸ்லாந்துப் பக்கம், அதற்கும் வடக்கே. பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் கொடுப்போமே, அந்த எண்ணெய் எடுக்கிற காட் மீன் அங்கேதான் ஏராளம். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான். திறந்த தளத்தில் நின்று மீனின் குடலை எடுப்பார்கள். பதினெட்டு மணி நேர வேலை, ஆறு மணி நேர ஓய்வு.

அலையை விட அங்கே பயமுறுத்துவது பனி. கடும் குளிர்காற்று அடிக்கும்போது கப்பல் மேலே தெறிக்கிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். கயிறு, கம்பம், கூரை எல்லாவற்றிலும் கட்டி கட்டியாக ஏறிக்கொள்ளும். கோடாலி, கடப்பாரை எடுத்து ராப்பகலாக உடைத்துத் தள்ளணும். கை ஓய்ந்தால் போச்சு. வைக்கோலை உயரமாக ஏற்றின வண்டி பள்ளத்தில் இறங்கினால் குடை சாயுது பாருங்க, அப்படித்தான் மேல்பாரம் ஏறின கப்பலும் குடை சாயும். 1955-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி லொரெல்லா, ராடெரிகோ என்ற இரண்டு ஹல் கப்பல்கள் இப்படியே கவிழ்ந்து 40 பேர் போனார்கள். ஊர் அழுதது. மறுபடியும் கடலுக்குப் போனது.

இப்போது 1968-க்கு வருவோம். ஜனவரி 10-ஆம் தேதி செயின்ட் ரொமானஸ் என்ற கப்பல் 20 பேரோடு கிளம்பியது. அதில் ரேடியோ இருந்தது, அதை இயக்கத் தனி ஆள் இல்லை. கப்பல் தலைவரே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குப் பிறகு கரைக்கு அதனிடமிருந்து சேதி இல்லை. ஆனால் தேடத் தொடங்கியது 26-ஆம் தேதிதான். பதினாறு நாள்! அதே 10-ஆம் தேதி கிளம்பிய கிங்ஸ்டன் பெரிடாட் கப்பலிலும் 20 பேர். கப்பலில் பனி ஏறுகிறது என்று 26-ஆம் தேதி சேதி சொன்னது. அதோடு சரி. பிறகு அதன் மிதவை ஒன்றுதான் கிடைத்தது.

ஹெசில் ரோட்டில் வீட்டுக்கு வீடு இழவு. மீன் கொட்டகையில் வேலை பார்த்த லிலியன் பிலோக்கா என்ற அம்மாளின் மகனும் கப்பலில் போகிறவன்தான். “போதும், இனி சும்மா இருக்க முடியாது” என்று அவர் காகிதமும் பேனாவுமாக வீடு வீடாக ஏறினார். கிறிஸ்டீன் ஜென்சன், மேரி டென்னஸ், இவோன் பிளென்கின்சாப் என்ற பெண்களும் கூடச் சேர்ந்தார்கள். 10,000 கையெழுத்து சேர்ந்தது. கேட்டது பெரிய சங்கதி இல்லை. ஒவ்வொரு கப்பலிலும் ரேடியோவுக்குத் தனி ஆள் வேண்டும். வைத்தியரோடு ஒரு துணைக்கப்பல் கூடவே போகணும். புயல் சேதி நேரத்தில் கிடைக்கணும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 2-ஆம் தேதி தெருவில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் தலையில் துணி கட்டின பெண்கள் வரிசையாக நடந்து போனது எங்கே தெரியுங்களா? பெண் கால் வைக்கவே கூடாது என்ற அந்தக் கப்பல் துறைக்கு! மறுநாள் கிளம்பத் தயாரான ஒரு கப்பலில் ரேடியோ ஆள் இல்லை என்று தெரிந்து, அதில் ஏறப்போன பிலோக்கா அம்மாளைப் போலீஸ்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

பிப்ரவரி 4-ஆம் தேதி ராத்திரி மூன்றாவது இடி விழுந்தது. புயலுக்கு ஒதுங்கி ஐஸ்லாந்தின் ஒரு கடற்கழியில் நின்ற ராஸ் கிளீவ்லாண்ட் பனி ஏறிக் கவிழ்ந்தது. மனைவி மக்களுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள் என்று அதன் தலைவர் ரேடியோவில் சொன்னதை மற்ற கப்பல்காரர்கள் கேட்டார்கள். அதிலிருந்த 19 பேரில் பிழைத்தவர் ஹாரி எட்டம் ஒருவர்தான். மிதவையில் அவரோடு கரை ஒதுங்கிய இரண்டு பேர் குளிரிலேயே செத்துப்போனார்கள். பனியில் நடந்து, ஆளில்லாத ஒரு பண்ணை வீட்டுச் சுவரோரம் நின்றவரைக் கண்டது ஆடு மேய்க்க வந்த ஒரு பையன். மூன்று கப்பலிலும் சேர்த்து 58 பேர் போய்விட்டார்கள்.

பிப்ரவரி 6-ஆம் தேதி அந்தப் பெண்கள் லண்டனுக்குப் போய் அமைச்சர்களைப் பார்த்தார்கள். அதில் ஒருவரான பிரெட் பியர்ட்தான் விவசாயம், மீன்வளம், உணவு மூன்றுக்கும் அமைச்சர். காது கொடுத்துக் கேட்டார்கள். வானிலை சீராகும் வரை ஐஸ்லாந்துக்கு வடக்கே கப்பல் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 88 பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குச் சம்மதம் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் ஓர்சினோ என்ற துணைக்கப்பல் வானிலை சேதி சொல்ல அந்தக் கடலுக்கே போய் நின்றது. வருஷக்கணக்காக மாறாதது சில வாரத்தில் மாறிவிட்டது.

ஆனால் நல்லது செய்தவருக்கு என்ன கிடைத்தது? கப்பல் நின்றால் கூலி நிற்கும் அல்லவா? அந்தக் கோபம் பிலோக்கா அம்மாள் மேலே விழுந்தது. மிரட்டல் கடிதங்கள் வந்தன. கொட்டகை வேலை போச்சு. மீன் தொழிலில் வேறு யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1988-ல் அவர் காலமானார். அந்தப் பழைய கப்பல் துறையும் 1975-லேயே மூடப்பட்டது. ஐஸ்லாந்து தன் கடலில் 200 மைல் வரை அயலார் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தியதும் ஹல் ஊரின் தூரக்கடல் தொழில் நொடிந்தது. இப்போது அவர் பேரில் ஊரில் நினைவுப் பலகை இருக்கிறது. உயிரோடு இருந்தபோது மீன் தொழிலில் வேலை தராத ஊர் அது.

உழவர் பெருமக்களே, புயலை அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. கடலுக்குப் போகிற தொழில் என்றால் சாவும் இருக்கத்தான் செய்யும் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தபோது, இதில் பாதி விதி இல்லை, கவனக்குறைவு என்று பிரித்துப் பார்த்தார்கள். நம் ஊரிலும் ஏரி மதகு பழுதாகிக் கிடக்கும். மின்கம்பி வரப்பு மேலே தாழ்ந்து தொங்கும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்காது. ஏதாவது நடந்த பிறகு விதி என்போம். எது மழையால் வந்தது, எது நாம் கேளாமல் விட்டதால் வந்தது என்று பிரித்துப் பாருங்க. பிறகு நாலு பேராகச் சேர்ந்து, வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேளுங்க. முன்னால் நின்று கேட்கிறவர் நம்ம ஊரில் யாராவது இருந்தால், அவரைத் தனியாக விட்டுவிடாதீங்க.