மண்வெட்டிகூட இல்லாத கான்ட்ராக்டர்

கட்டிடம் கட்ட கான்ட்ராக்டரைத் தேடும்போது எதைப் பார்ப்பார்கள்? எவ்வளவு கேட்கிறார், எத்தனை இயந்திரங்கள் வைத்திருக்கிறார் என்றுதான். 1929-ல் நியூயார்க்கில் இந்தக் கணக்கு தலைகீழானது.

எம்பயர் ஸ்டேட் பில்டிங் கட்டத் திட்டமிட்ட ஜான் ராஸ்கோப்பும், முன்னாள் கவர்னர் ஆல் ஸ்மித்தும் கான்ட்ராக்டர்களை நேரில் அழைத்துப் பேசினார்கள். "உங்களிடம் என்னென்ன கருவிகள் உள்ளன?" என்று கேட்டபோது, ஒரு மண்வெட்டிகூட இல்லை என்றாராம் பால் ஸ்டாரட். இவ்வளவு பெரிய கட்டிடத்துக்குப் பழைய கருவிகள் உதவாது. புதிதாக வாங்கி, வேலை முடிந்ததும் விற்று, அந்தப் பணத்தை உங்கள் கணக்கிலேயே வரவு வைப்போம் என்று விளக்கினார். வேலை அவரது ஸ்டாரட் பிரதர்ஸ் அண்ட் எக்கென் நிறுவனத்துக்கே கிடைத்தது.

அவர் கேட்ட கட்டணம் 6 லட்சம் டாலர். பேரத்தில் 5 லட்சம் என்று முடிவானது. இது நிலையான தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். செலவில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால், செலவு ஏற ஏற கான்ட்ராக்டருக்குத்தான் லாபம்! நிலையான தொகையில் அதற்கு வழியில்லை.

1930 மார்ச் 17-ல் கட்டுமானம் தொடங்கியது. தளங்களில் குட்டித் தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டிகளில் பொருட்களைக் கொண்டு போனார்கள். 1931 மே 1-ல் 102 மாடிக் கட்டிடம் திறக்கப்பட்டது. 5 கோடி டாலர் என்று போட்ட பட்ஜெட், நிலத்தையும் சேர்த்து சுமார் 4.1 கோடியில் முடிந்தது. பொருளாதார மந்தத்தால் விலைகள் சரிந்ததும் இதற்கு ஒரு காரணம்.

ஆனால் அதே மந்தத்தால் அலுவலகங்களுக்கு வாடகைதாரர்கள் வரவில்லை. 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று ஊரே கேலி செய்தது. நல்ல கான்ட்ராக்டர் சொன்ன நாளில் சாவியைக் கொடுப்பார். வாடகைக்கு ஆள் வருமா என்பது முதலாளி போட வேண்டிய கணக்கு.