தற்கால வழிபாட்டுப் பாடல்களின் விவிலிய மதிப்பீடு

தற்கால வழிபாட்டுப் பாடல்களின் விவிலிய மதிப்பீடு என்பது, 1960களின் இறுதிக்குப் பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகளின் சீர்திருத்தத் திருச்சபைகளிலும் பெந்தகோஸ்து சபைகளிலும் பரவிய புதிய பாணி வழிபாட்டுப் பாடல்களின் வரிகள் விவிலியத்தின் போதனையோடு பொருந்துகின்றனவா என ஆராய்வதைக் குறிக்கும். போதகர்கள், இறையியலாளர்கள், பாடல் நூல்களைத் தொகுக்கும் குழுக்கள், வழிபாட்டை நடத்தும் இசைக்குழுவினர் ஆகியோர் இதில் ஈடுபடுகின்றனர். ஞாயிறு மறையுரையை மறந்துவிடும் ஒருவர் அன்று பாடிய பாட்டைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார். ஆகவே மக்கள் எதை நம்புகின்றனர் என்பதைப் பாடல்களே பெரிதும் வடிவமைக்கின்றன என்பது இம்மதிப்பீட்டின் அடிப்படைக் கருத்தாகும்.

விவிலியச் சொற்களை மட்டுமே கொண்ட ஒரு பாடல் தவறான பொருளைத் தரக்கூடும். விவிலியத்தில் இல்லாத சொல்லைக் கொண்ட ஒரு பாடல் அதன் போதனையைச் சரியாகவே கூறக்கூடும். இத்துறையின் பெரும்பாலான விவாதங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே எழுகின்றன.

வரலாற்றுப் பின்னணி

பாடல்களைச் சோதிக்கும் வழக்கம் புதியதன்று. 4 ஆம் நூற்றாண்டில் ஆரியு என்பவர் தம் கருத்துகளைத் 'தாலியா' என்னும் செய்யுள் நூலாக இயற்றிப் பரப்பினார். சிரிய மொழிப் புலவரான எபிரேம் (இறப்பு 373), தமக்கு முற்பட்ட பர்தைசான் 150 பாடல்களால் மக்களைத் தம்பால் ஈர்த்தார் எனக் குற்றஞ்சாட்டி, அவற்றுக்கு மாற்றாகத் தாமே பாடல்களை எழுதினார். அதே நூற்றாண்டில் கூடிய இலவோதிக்கேயா சங்கத்தின் 59 ஆம் விதி, தனி மனிதர் இயற்றிய பாடல்களைத் திருச்சபையில் பயன்படுத்தலாகாது எனத் தடை செய்தது. தவறான பாட்டுக்குப் பாட்டாலேயே விடை கூறுவது எபிரேமின் வழி. வாயிலையே அடைப்பது இலவோதிக்கேயாவின் வழி. பிற்காலத்திலும் இவ்விரு அணுகுமுறைகளும் மாறி மாறித் தோன்றுகின்றன.

16 ஆம் நூற்றாண்டில் ஜான் கால்வின் இரண்டாம் வழியை ஏறக்குறைய முழுமையாகப் பின்பற்றினார். 1562 இல் நிறைவு பெற்ற செனீவா சங்கீத நூலில் 150 திருப்பாடல்களும் பிரெஞ்சு மொழியில் யாப்பு வடிவில் அமைந்தன. அவற்றோடு பத்துக் கட்டளைகள், சிமியோனின் பாடல் போன்ற மிகச் சிலவே சேர்க்கப்பட்டன.

இங்கிலாந்தில் ஐசக் வாட்ஸ் 1707 இல் தம் சொந்தப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டபோது இவ்வழக்கம் தளரத் தொடங்கியது. திருப்பாடல்களை மட்டுமே பாடும் சபை இயேசுவின் பெயரை ஒருபோதும் பாடாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1719 இல் வெளிவந்த நூலில் தாவீதின் பாடல்களையே கிறித்தவ நம்பிக்கையைப் பேசுமாறு திருத்தி எழுதினார். இன்று 'பழைய நல்ல பாடல்கள்' எனப் போற்றப்படும் வாட்ஸின் படைப்புகள், கால்வினின் அளவுகோலின்படி வழிபாட்டில் இடம்பெறத் தகுதியற்றவை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

புதிய பாணியின் தோற்றம்

கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவிலுள்ள கல்வாரி சேப்பல் சபை 1971 இல் தொடங்கிய 'மரநாதா மியூசிக்' நிறுவனம் இப்பாணியின் முதற் பதிப்பகங்களுள் ஒன்றாகும். கித்தார் இசை, எளிய சொற்கள், மீண்டும் மீண்டும் பாடும் பல்லவி, கடவுளை நேரடியாக 'நீர்' என விளித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பின்னர் ஆஸ்திரேலியாவின் ஹில்சாங், அமெரிக்காவின் பெத்தேல், எலிவேஷன் முதலிய சபைகள் இப்பாணியை உலகெங்கும் கொண்டுசென்றன.

1988 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சி.சி.எல்.ஐ. என்னும் பதிப்புரிமை உரிம நிறுவனம், சபைகள் பயன்படுத்தும் பாடல்களைக் கணக்கிட்டு, மிகுதியாகப் பாடப்படுபவற்றின் பட்டியலை வெளியிடுகிறது. இப்பட்டியல் ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. சபைகள் எதைப் பாடுகின்றன என்பதை ஊகிக்காமல் அறியும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்தது. முன்பு ஒரு திருச்சபையின் பாடல் நூல் பல ஆண்டுகள் குழுவினரால் ஆராயப்பட்ட பின்னரே அச்சாகும். இன்று ஒரு பாடல் ஒலிப்பதிவாக வெளிவந்த சில வாரங்களிலேயே திரையில் வரிகள் தோன்ற ஆயிரக்கணக்கானோரால் பாடப்படுகிறது. குழு செய்துவந்த வேலை தனிப்பட்ட போதகர்மீதும் இசைக்குழுத் தலைவர்மீதும் விழுந்ததே இம்மதிப்பீடு பெருகியதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

அளவுகோல்கள்

பாடலின் நோக்கம் பற்றிப் பேசும்போது பொதுவாகக் கொலோசையர் 3:16, எபேசியர் 5:19 ஆகிய பகுதிகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. இவற்றின்படி பாடல் கடவுளை நோக்கிய புகழ் மட்டுமன்று; பாடுவோர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் செயலுமாகும். ஆவியோடும் அறிவோடும் பாடுதல் பற்றி 1 கொரிந்தியர் 14:15 கூறுகிறது.

முதலில் ஆராயப்படுவது, வரியின் கருத்து விவிலியத்தில் உண்டா என்பதாகும். இதைவிடக் கடினமானது, எடுத்தாளப்பட்ட பகுதி அதன் சூழலுக்கேற்ற பொருளில் வருகிறதா என்பது. கடவுள் நல்வாழ்வுக்கான திட்டங்களை வைத்துள்ளார் எனக் கூறும் எரேமியா 29:11 பல பாடல்களுக்கு ஊற்றாக உள்ளது. ஆனால் அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கு எழுதப்பட்ட மடலின் பகுதி; விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்பது அதற்கு முந்தைய வசனத்திலேயே உள்ளது. கேட்டவர்களுள் முதியோர் அந்நாளைக் கண்டிருக்க மாட்டார்கள். விரைவில் கிட்டும் தனிப்பட்ட வெற்றியின் வாக்குறுதியாக அதைப் பாடும்போது, சொல் விவிலியத்தினுடையதாகவும் பொருள் வேறாகவும் அமைந்துவிடுகிறது.

பாடல் யாரை விளிக்கிறது என்பதும் ஆராயப்படுகிறது. தந்தையை நோக்கித் தொடங்கிய பாடல், முன்னிலையை மாற்றாமலேயே சிலுவையில் இறந்ததற்காக அவருக்கு நன்றி கூறினால், தந்தையே துன்புற்றார் என்னும் பழைய கருத்தைப் பாடுவோர் அறியாமல் ஏற்றவராவர். இது 3 ஆம் நூற்றாண்டிலேயே மறுக்கப்பட்ட கொள்கையாகும்.

இத்தகைய பிழைகள் புதிய பாடல்களுக்கு மட்டும் உரியவை அல்ல. 1857 இல் எழுதப்பட்ட புகழ்பெற்ற கிறித்துமசு பாடல் ஒன்று கீழ்த்திசை ஞானிகளை மூன்று அரசர்கள் என்கிறது. மத்தேயு நற்செய்தி அவர்களின் எண்ணிக்கையையும் கூறவில்லை, அவர்களை அரசர்கள் எனவும் கூறவில்லை. சார்லஸ் வெஸ்லியின் பாடல் ஒன்றில், கிறித்து அன்பைத் தவிர அனைத்தையும் துறந்தார் என்னும் கருத்து வருகிறது. பிலிப்பியர் 2:7 அவ்வளவு தூரம் செல்லவில்லை என்பதால் அவ்வரியைத் திருத்தியோர் பலர்.

விவாதத்துக்குள்ளான பாடல்கள்

கீத் கெட்டி, ஸ்டூவர்ட் டவுனெண்ட் ஆகியோர் 2001 இல் எழுதிய 'இன் கிரைஸ்ட் அலோன்' பற்றிய சர்ச்சை இத்துறையில் மிகவும் அறியப்பட்டதாகும். இயேசு சிலுவையில் இறந்தபோது கடவுளின் சினம் நிறைவு பெற்றது என்னும் பொருளுடைய அடி இப்பாடலில் உள்ளது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2013 இல் வெளியிட்ட 'குளோரி டு காட்' பாடல் நூலுக்காக, இவ்விடத்தில் கடவுளின் அன்பு மேன்மை பெற்றதாகக் கூறும் மாற்று வடிவத்தைத் தொகுப்புக் குழு பயன்படுத்த விரும்பியது. அவ்வடிவம் முன்னரே ஒரு பாப்டிஸ்ட் பாடல் நூலில் அச்சாகியிருந்தது. ஆசிரியர்கள் மாற்றத்திற்கு இசையவில்லை. குழுவில் ஒன்பது பேர் எதிராகவும் ஆறு பேர் ஆதரவாகவும் வாக்களித்ததால் பாடல் விடப்பட்டது.

கடவுளின் சினத்தையே அத்திருச்சபை மறுக்கிறது எனப் பலர் கண்டித்தனர். குழுத் தலைவர் மேரி லூயிஸ் பிரிங்கிள் இதை மறுத்தார். சினம் பற்றிய பாடல்கள் நூலில் வேறிடங்களில் உள்ளன என்றும், சிக்கல் 'நிறைவு பெற்றது' என்னும் சொல்லைப் பற்றியதே என்றும் விளக்கினார். இச்சொல் 11 ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அன்செல்மின் ஈடுசெய் கோட்பாட்டை நினைவூட்டுவது. விவிலியத்தைப் பொறுத்தவரை, கடவுளின் சினமும் அதிலிருந்து மீட்பும் உரோமையர் 1:18, 5:9 ஆகிய இடங்களில் உள்ளன. சினம் தீர்ந்து தணிதல் எசேக்கியேல் 5:13 இல் உள்ளது. சிலுவையைக் குறித்துச் 'சினம் நிறைவு பெற்றது' என்னும் தொடர் புதிய ஏற்பாட்டில் இல்லை. 1 யோவான் 4:10 அன்பையும் கழுவாயையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறது. இரு தரப்பினரும் விவிலியத்தையே சான்றாகக் காட்டியதற்கு இதுவே காரணம். மாற்று வடிவமும் விவிலியத்திற்கு முரணானதன்று. ஆயினும் அது எழுதியவர்கள் கூற விரும்பியதைக் கூறவில்லை. ஜான் வெஸ்லியும் 1780 ஆம் ஆண்டுத் தொகுப்பின் முன்னுரையில், தம் பாடல்களையும் தம் சகோதரருடைய பாடல்களையும் திருத்த வேண்டாம் எனப் பிறரைக் கேட்டுக்கொண்டார்.

கோரி ஆஸ்பரியும் வேறிருவரும் எழுதிப் பெத்தேல் வழியாக 2017 இல் வெளிவந்த 'ரெக்லெஸ் லவ்' பாடலில் சர்ச்சை ஒரே ஓர் அடைமொழியைப் பற்றியது. 'ரெக்லெஸ்' என்பது பின்விளைவை எண்ணாத, பொறுப்பற்ற என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல். கடவுளின் அருள் முழு ஞானத்தோடு பொழியப்பட்டது என எபேசியர் 1:8 கூறுவதால் இச்சொல் தகாது என்பது எதிர்ப்பாளர் கருத்து. கடவுள் அத்தகையவர் எனத் தாம் கூறவில்லை, அவர் அன்பு செலுத்தும் விதமே அவ்வாறு தோன்றுகிறது என ஆஸ்பரி விளக்கினார். தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பாலைநிலத்தில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் செல்லும் ஆயன் (லூக்கா 15:4) இப்பாடலின் அடிப்படையாகும். அவ்வுவமை கேட்போரைத் திடுக்கிடச் செய்வதற்காகவே கூறப்பட்டது. அந்த அளவில் பாடல் உவமையின் போக்கைப் பின்பற்றுகிறது. ஆனால் விளக்கவுரை இருந்தால்தான் சரியாகப் பொருள்படும் ஒரு சொல்லை, விளக்கம் கேளாத ஒரு கூட்டம் பாடுகிறது என்பதையும் மறுக்க இயலாது.

ஹில்சாங் 2016 இல் வெளியிட்ட 'வாட் எ பியூட்டிஃபுல் நேம்' பாடலில், மனிதர் இல்லாத விண்ணகத்தைக் கடவுள் விரும்பவில்லை என்னும் கருத்து வருகிறது. கடவுளுக்கு எதுவும் தேவையில்லை என்னும் திருத்தூதர் பணிகள் 17:25 இதற்கு எதிராகக் காட்டப்படுகிறது. தேவைப்படுதல் வேறு, விரும்புதல் வேறு என்பதை யோவான் 17:24 தெளிவாக்குவதால் இக்கண்டனம் வலுவற்றது.

ஜான் மார்க் மெக்மில்லன் 2002 இல் நண்பர் ஒருவரை விபத்தில் இழந்த துயரில் எழுதிய 'ஹவ் ஹீ லவ்ஸ்' பாடலில் விண்ணும் மண்ணும் சந்திப்பது ஈரமான முத்தமாக உருவகிக்கப்பட்டது. டேவிட் க்ரவுடர் இசைக்குழு 2009 இல் ஆசிரியரின் இசைவோடு அந்த அடைமொழியை மட்டும் மாற்றியது. திருப்பாடல்கள் 85:10 நீதியும் அமைதியும் முத்தமிடுவதாகக் கூறுவதால், இது கோட்பாட்டுச் சிக்கலன்று, சுவை பற்றியதேயாகும்.

பாடப்படாதவை

ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே சோதிக்கும் முறைக்கு ஒரு குறையுண்டு. ஒரு சபையின் பாடல்கள் எதிலும் பிழை இல்லாதிருக்கலாம். ஆயினும் அவை அனைத்தும் சேர்ந்து விவிலியத்தின் ஒரு பகுதியை மட்டுமே பேசலாம். திருப்பாடல்கள் நூலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை புலம்பல்கள். அவற்றுள் 88 ஆம் பாடல் நம்பிக்கையின் ஒளியின்றி இருளிலேயே முடிகிறது. சி.சி.எல்.ஐ. பட்டியலின் முன்னணிப் பாடல்களில் புலம்பல் மிக அரிது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு மறுவாரம் ஆலயத்திற்கு வரும் தாய்க்குப் பாட ஒரு சொல்லும் இல்லாத வழிபாடு, வரிக்கு வரி விவிலியத்தோடு பொருந்தினாலும் விவிலியத்தை முழுமையாகப் பின்பற்றியதாகாது. மேட் ரெட்மன் தம் மனைவி பெத்துடன் எழுதி 2002 இல் வெளியிட்ட, யோபு 1:21 ஐ அடியொற்றிய 'பிளெஸ்ட் பி யுவர் நேம்' அரிய விதிவிலக்குகளுள் ஒன்றாகும்.

வழிபாட்டு வரலாற்று ஆய்வாளரான லெஸ்டர் ரூத் இதே முறையில் இப்பட்டியலை ஆராய்ந்து, மூவொரு கடவுளைப் பற்றிய வெளிப்படையான பேச்சு அதில் மிகக் குறைவு எனக் காட்டினார்.

பாடலின் மூலம்

பாடலின் வரிகள் சரியாக இருப்பினும், அதை வெளியிட்ட சபையின் போதனை தவறெனக் கருதப்பட்டால் பாடலாமா என்பது மற்றொரு வினா. பெத்தேல், ஹில்சாங் ஆகியவற்றின் பாடல்களைச் சில சபைகள் இக்காரணத்தால் தவிர்க்கின்றன. உரிமத் தொகை அச்சபைகளைச் சென்றடைவதும் காரணமாகக் கூறப்படுகிறது. இவ்வாதத்தை முரணின்றிப் பின்பற்றுவது கடினம். 1873 ஆம் ஆண்டுக் கப்பல் விபத்தில் நான்கு மகள்களை இழந்த ஹொரேஷியோ ஸ்பாஃபர்டின் பாடலைப் பெரும்பாலான சபைகள் பாடுகின்றன. அவர் பின்னர் தம் திருச்சபையிலிருந்து பிரிந்து, 1881 இல் எருசலேமில் குடியேறிய தனிக்குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். ஆசிரியர் இறந்து உரிமமும் காலாவதியான பின்னர் மூலம் பற்றிய வினா பொதுவாக மறக்கப்பட்டுவிடுகிறது.

திருச்சபைகளின் நடைமுறை

அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 2015 முதல், சி.சி.எல்.ஐ. பட்டியலின் முதல் 100 பாடல்களை வெஸ்லியின் இறையியலின் அடிப்படையில் ஆராய்ந்து, பரிந்துரைக்கப்படுபவை, கவனத்தோடு பயன்படுத்தத்தக்கவை எனப் பிரித்து வெளியிட்டது.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2020 இல் பாடல் வரிகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வரிகள் கத்தோலிக்கக் கோட்பாட்டிற்கு இசைவானவையா, அவற்றின் உருவகங்களும் சொற்களும் திருநூலின் வழக்கைத் தழுவியவையா என்னும் இரு வினாக்களை அது முன்வைக்கிறது. நற்கருணை, மூவொரு கடவுள், திருச்சபை முதலியவை பற்றிய குறைபாடுகளோடு, யூத மக்களைப் பற்றிய தவறான கருத்துகளையும் தனி வகையாகச் சேர்த்தது இதன் சிறப்பாகும். சிட்னி கார்ட்டர் 1963 இல் எழுதிய 'லார்ட் ஆஃப் த டான்ஸ்' இவ்வகையில் குறிப்பிடப்பட்டது. இயேசுவின் சாவுக்கான பழியை அக்காலத்து யூதர் அனைவர்மீதும் இக்காலத்து யூதர்மீதும் சுமத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் அறிவித்தது. அப்பாடலோ பழியைப் பொதுவாகவே சுமத்துகிறது.