ஆட்கொணர்வு ஆணை: மன்னரின் கருவி குடிமக்களின் கைக்கு வந்த வரலாறு

குண்டர் சட்டத்தில் மகனைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று தாயும், மகளை யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தந்தையும் உயர் நீதிமன்றத்தை நாடும்போது தாக்கலாவது ஆட்கொணர்வு மனு. வழக்கறிஞர்களின் பேச்சில் அது 'ஹெச்.சி.பி.'. லத்தீன் மூலம் 'ஹேபியஸ் கார்ப்பஸ்'. 'ஆளை நீ கொண்டுவர வேண்டும்' என்று பொருள். தனிமனித சுதந்திரத்தின் காவல் என்று இன்று போற்றப்படும் இந்த ஆணைக்குப் பிறப்பிலே சுதந்திரத்தோடு எந்த உறவும் இல்லை.

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது அரச நீதிமன்றங்களின் அழைப்பாணை மட்டுமே. பிரதிவாதியைப் பிடித்து வந்து முன்னால் நிறுத்து என்று ஷெரிஃபுக்கு அனுப்பப்படும் உத்தரவு. 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாதான் இதன் ஊற்று என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அந்தச் சாசனத்தின் 39ஆம் பிரிவு, சட்டப்படியன்றிச் சுதந்திர மனிதர் எவரையும் சிறையிடக் கூடாது என்கிறது. இந்த ஆணையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பிற நீதிமன்றங்கள் அடைத்து வைத்த கைதிகளை மன்னர் மன்றமும் மற்றப் பொதுச் சட்ட நீதிமன்றங்களும் தம்மிடம் வரவழைத்து, 'ஏன் அடைத்தாய்?' என்று கேட்கத் தொடங்கியபோதுதான் ஆணையின் போக்கு மாறியது. நீதிமன்றங்களுக்குள் நடந்த அதிகாரப் போட்டியில் எழுந்த கேள்வி அது. ஆனாலும் பலன் கைதிக்குக் கிடைத்தது.

அந்தக் கேள்வி மன்னரையே எட்டியது 1627இல். முதலாம் சார்லஸ் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்துச் சிறை சென்ற, 'நைட்' பட்டம் பெற்ற ஐவர் ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்டார்கள். 'மன்னரின் தனிக் கட்டளை' என்று மட்டுமே சிறைத் தரப்பு பதில் சொன்னது. குற்றம் இன்னதென்று சொல்லவில்லை. நீதிபதிகள் அதை ஏற்று அவர்களை மீண்டும் சிறைக்கே அனுப்பினார்கள். கொதித்தெழுந்த நாடாளுமன்றம் மறு ஆண்டே உரிமை விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, காரணம் காட்டாத சிறைவாசத்தைச் சட்ட விரோதம் என்றது.

ஆணைக்குப் பல் முளைத்தது 1679ஆம் ஆண்டுச் சட்டத்தில். இருபது மைலுக்குள் இருக்கும் கைதியை மூன்று நாளில், நூறு மைலுக்குள் என்றால் பத்து நாளில், அதற்கு அப்பால் இருபது நாளில் கொண்டுவர வேண்டும். தவறும் சிறை அதிகாரிக்கு முதல் முறை நூறு பவுண்டு, மறுமுறை இருநூறு பவுண்டு அபராதம். விடுமுறைக் காலத்தில் ஆணை தர மறுக்கும் நீதிபதிக்கு ஐந்நூறு பவுண்டு! நாள் கணக்கும் அபராதமும்தான் இந்தச் சட்டத்தின் உயிர்.

1771 நவம்பரில் லண்டன் அருகே தேம்ஸ் ஆற்றில் நின்ற 'ஆன் அண்ட் மேரி' கப்பலில் ஜேம்ஸ் சாமர்செட் என்ற கறுப்பின அடிமை விலங்கிடப்பட்டுக் கிடந்தார். தப்பியோடிப் பிடிபட்ட அவரை ஜமைக்காவில் விற்றுவிட உரிமையாளர் ஏற்பாடு செய்திருந்தார். சாமர்செட்டின் ஞானப் பெற்றோர் மனுப் போட, கப்பல் தலைவர் நோல்ஸ் பெயருக்கு ஆணை போயிற்று. சாமர்செட்டை அவர் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். 1772 ஜூன் 22இல் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் சாமர்செட்டை விடுவித்தார். 'சொத்து' என்று கணக்கில் எழுதப்பட்ட ஒருவரை இந்த ஆணை மனிதராக நீதிமன்றத்தில் நிறுத்தியது. இதன் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய நாள் இல்லை.

இந்தியாவுக்கு இது 1774இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தோடு வந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950இல், பிரிவு 32 உச்ச நீதிமன்றத்துக்கும் பிரிவு 226 உயர் நீதிமன்றங்களுக்கும் இந்த அதிகாரத்தை அளித்தன. மதராஸ் அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் போனார், விடுதலை கிடைக்கவில்லை. நக்சலைட் தலைவர் கனு சன்யால் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், கைதியை நேரில் நிறுத்தாமலே காவல் சட்டப்படியானதா என்று முடிவு செய்யலாம் என்றது. லத்தீன் தொடர் சொல்லும் செயல் இல்லாமலே ஆணை இயங்கத் தொடங்கியது.

பெரிய வீழ்ச்சி 1976 ஏப்ரல் 28இல். நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுப் போடவே எவருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. நெருக்கடி நிலையைக் காட்டி இந்த உரிமையை மறுக்கும் வழியை அரசியலமைப்பின் 44ஆவது திருத்தம் அடைத்தது. 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் அந்த 1976 தீர்ப்பே ரத்தானது.

இன்று தமிழ்நாட்டில் பல குண்டர் சட்ட உத்தரவுகள் சிறு விஷயத்தில் விழுகின்றன: காவலுக்கான காரணங்களும் ஆவணங்களும் அடங்கியதாகக் கைதிக்குக் கொடுத்த 'புக்லெட்'டில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருக்கும், அல்லது அவருக்குத் தெரிந்த மொழியில் மொழிபெயர்ப்பு இருக்காது. இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று தள்ளுவது தவறு. காரணம் தெரியாதவர் எதை எதிர்த்து முறையிடுவார்? 1627இல் மறுக்கப்பட்டதும் அதுவேதான். ஆனால் நாள் கணக்கில் நாம் பின்தங்கியிருக்கிறோம். குண்டர் சட்டக் காவலின் உச்ச வரம்பு 12 மாதம். ஆறாம் மாதம் விசாரணைக்கு வரும் மனு வென்றாலும் பாதிச் சிறை முடிந்திருக்கும். இத்தகைய மனுக்களை முடிக்கக் காலக்கெடுவைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.