பழைய பொட்டி, புது விண்டோஸ்: ஒரு "தகுதி"யின் கதை

போன ஞாயித்துக்கிழமை சித்தப்பா போன் பண்ணினார். ஊர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். "தம்பி, கடைப் பொட்டியில விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டியிருக்குல்ல, அது ஒரிஜினல்தானே? அதை வெச்சு புதுசு ஓசியில போட முடியுமா? புது பில்லிங் சாஃப்ட்வேர் பழசுல ஓடாதாம்."

ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டு போனை வெச்சிருக்கலாம். கொஞ்சம் தோண்டப் போய் முப்பது வருஷக் கதை வந்துடுச்சு. இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கிற மக்கள் மட்டும் தொடர்ந்து படிங்க :-)

1991 ஜூன்ல வந்த எம்.எஸ்.டாஸ் 5.0-ல ஆரம்பிப்போம். அதுவரைக்கும் டாஸ் பொட்டியோடயே வரும், பொட்டி செய்யுற கம்பெனி கொடுக்கும். ஏற்கெனவே டாஸ் இருக்கிறவங்களுக்குன்னு மைக்ரோசாஃப்ட் தானே கடையில வித்த முதல் அப்கிரேடு இதுதான்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச் மேளா மாதிரி. பழைய குக்கரைக் கொடுத்தா புது குக்கர் விலை குறையும். ஒரே வித்தியாசம், இங்கே பழைய குக்கரை நீங்களே வெச்சுக்கலாம், ஆனா அதுல தனியா சமைக்கக் கூடாது. அப்கிரேடு லைசென்ஸ் தனிக்கால்ல நிக்காது, பழைய லைசென்ஸ் மேல ஏறித்தான் நிக்கும். 98-க்கு மேல எக்ஸ்பி அப்கிரேடு போட்டுட்டு, அந்த 98 சிடியை நண்பருக்குத் தானம் பண்ணினா அது லைசென்ஸ் மீறல்.

சரி, பழசு இருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது? 1995 ஆகஸ்ட் 24-ல வந்த விண்டோஸ் 95 முழு விலை 209 டாலர் வாக்கில, அப்கிரேடு 109 வாக்கில. காலியான ஹார்ட் டிஸ்க்ல அப்கிரேடு போட்டா, "உன் பழைய விண்டோஸோட முதல் ஃப்ளாப்பியைக் காட்டு"ன்னு கேக்கும். காட்டினா போதும், உள்ளே விட்டுடும். ரேஷன் கார்டைக் காட்டி சர்க்கரை வாங்குற மாதிரி.

2001 அக்டோபர் 25-ல எக்ஸ்பி வந்தப்போ கதவு கொஞ்சம் சுருங்குச்சு. 98, 98 எஸ்.ஈ., எம்.ஈ. வெச்சிருந்தவங்க ஹோம், புரொஃபஷனல் ரெண்டுக்கும் போகலாம். என்.டி. 4.0, 2000 ஆளுங்க புரொஃபஷனலுக்கு மட்டும். விண்டோஸ் 95 வெச்சிருந்தவங்களுக்குத் தள்ளுபடியே கிடையாது. ஹோம் அப்கிரேடு 99 டாலர், முழு விலை 199. கூடவே ஆக்டிவேஷன்னு ஒண்ணும் வந்துச்சு. அதுவரைக்கும் சிடியைக் காட்டினா நம்பின ஆளு, இப்போ பொட்டியையே அடையாளம் பார்த்துப் பதிவு பண்ண ஆரம்பிச்சாச்சு.

2007 ஜனவரி 30-ல கடைக்கு வந்த விஸ்டாதான் பெரிய காமெடி. சிடியைக் காட்டுற வசதியைத் தூக்கிட்டாங்க. பழைய விண்டோஸுக்குள்ள இருந்துதான் அப்கிரேடை ஆரம்பிக்கணும். ஆனா கீ கொடுக்காம விஸ்டாவை ஒரு தடவை போட்டு, அதுக்குள்ள இருந்தே மறுபடியும் அப்கிரேடு போட்டா, எந்தப் பழைய விண்டோஸும் இல்லாமலே வேலை முடிஞ்சுது! அதாவது பொட்டி சம்மதிச்சுது, லைசென்ஸ் சம்மதிக்கலை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் மொத்தக் கதையுமே.

அடுத்த குழப்பம் 2009 அக்டோபர் 22-ல விண்டோஸ் 7-ஓட வந்துச்சு. எக்ஸ்பி வெச்சிருந்தவங்க அப்கிரேடு விலைக்கு வாங்கலாம், தகுதி உண்டு. ஆனா எக்ஸ்பி மேல நேரடியா ஏத்த முடியாது, புதுசாத்தான் போடணும், புரோகிராம் எல்லாத்தையும் மறுபடி போடணும். "அப்கிரேடு"ன்னு ஒரே பேர்ல ரெண்டு விஷயம்: ஒண்ணு விலைச் சலுகை, இன்னொண்ணு நிறுவுற வழி. ஒண்ணுக்குத் தகுதி இருந்தா இன்னொண்ணுக்கும் இருக்கும்னு நம்பி மண்டையைப் பிச்சுக்கிட்டவங்க ஏராளம்.

2012 அக்டோபர் 26-ல விண்டோஸ் 8. எக்ஸ்பி, விஸ்டா, 7 எது இருந்தாலும் 39.99 டாலருக்கு டவுன்லோடு, 2013 ஜனவரி 31 வரைக்கும். விலை இறங்கிக்கிட்டே வருது பாருங்க.

2015 ஜூலை 29. விண்டோஸ் 10. விண்டோஸ் 7, 8.1 வெச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷம் இலவசம். இப்போ ஃப்ளாப்பியும் வேணாம், சிடியும் வேணாம். பொட்டியோட அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல ஏறிடும், அதுதான் லைசென்ஸ். "நிரூபி"ன்னு கேட்டவங்களே இப்போ "வாங்க வாங்க"ன்னு கையைப் பிடிச்சு இழுத்தாங்க. கேக்காமலே அப்கிரேடு ஓடி கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு கலிஃபோர்னியாவுல ஒரு அம்மா வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினாங்க. 2016 ஜூலை 29-ல சலுகை முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. ஆனா நிஜத்துல பழைய 7, 8 கீ போட்டா 10 ஏத்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கதவை முறையா மூடினது 2023 செப்டம்பர்லதான்.

2021 அக்டோபர் 5, விண்டோஸ் 11. விண்டோஸ் 10-ல இருந்து வர்றவங்களுக்குக் காசே இல்லை. ஆனா டி.பி.எம். 2.0 சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல வேணும். ஒரிஜினல் லைசென்ஸ் இருந்தும், நல்லா ஓடுற பொட்டியா இருந்தும், எத்தனையோ பேர் வெளியே நின்னாங்க. 2025 அக்டோபர் 14-ல விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டும் முடிஞ்சுது. முப்பது வருஷம் முன்னாடி "பழசு இருக்கா?"ன்னு கேட்டாங்க. இப்போ "உன் பொட்டி ஏன் பழசா இருக்கு?"ன்னு கேக்குறாங்க. தகுதிங்கிற வார்த்தை அதேதான், அர்த்தம் தலைகீழ்.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "2016-லயே நீங்க சொன்னீங்க சித்தப்பா, ஓசின்னா உள்ள ஏதாவது இருக்கும்னு. அப்போ போட்டிருந்தா 10 வந்திருக்கும். 11-க்கு இந்தப் பொட்டி ஆகாது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "காசு கொடுத்து வாங்கினதுடா அது... ஸ்டிக்கர் கிழியக் கூடாதுன்னு மேல செல்லோ டேப் வேற ஒட்டி வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்குப் பதில் தெரியலை. புதுப் பொட்டி வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டார். பழசுல லினக்ஸ் போட்டு, தங்கச்சி டைப்பிங் பழக வெச்சுட்டு வரலாம்னு அடுத்த மாசம் ஊருக்குப் போறேன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பொட்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் அந்தப் பொட்டியோட மட்டும் சேர்ந்தது. பொட்டி போனா அதுவும் போச்சு. கடையில தனியா வாங்கின முழு லைசென்ஸ்தான் வேற பொட்டிக்கு மாறும். பில்லை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க மக்கா!