‘ஏறக்குறைய’ என்னும் சொல்

1836-ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வாழ்ந்த விவசாயி ஒருவர் ஒரு நூலை வெளியிட்டார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை ‘ஏறக்குறைய 1843-ஆம் ஆண்டில்’ நிகழும் என்பதற்கு வேதாகமத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் சான்று தருவதாக அந்நூலின் தலைப்பே கூறிற்று. அத்தலைப்பில் நின்ற ‘ஏறக்குறைய’ என்னும் சொல் எட்டே ஆண்டுகளில் தேய்ந்து மறைந்தது. அதனோடு ஆயிரக்கணக்கான மக்களின் மன அமைதியும் மறைந்தது.

அவ்விவசாயியின் பெயர் வில்லியம் மில்லர். 1782-இல் பிறந்தவர். கல்லூரி வாயிலை மிதியாதவராயினும் கையிற் கிடைத்த நூல்களையெல்லாம் கற்றவர். இளமையில் அவர் வேதாகமத்தை நம்பவில்லை. கடவுள் உலகைப் படைத்தார், படைத்தபின் அதில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையையே உடையவராயிருந்தார். 1812-இல் மூண்ட போரிலே படைத்தலைவராகப் பணியாற்றி வீடு திரும்பிய பின்னர், 1816-இல் அவர் மீண்டும் பப்ரிஸ்த சபையின் பக்கம் சார்ந்தார். பழைய நண்பர்கள் நகைத்தனர். வேதாகமத்தில் முரண்பாடுகள் உளவே, அவற்றுக்கு விடை என்ன என்று கேட்டனர். விடை காண்பேன் என்று உறுதிகொண்ட மில்லர், உரைநூல்களை ஒதுக்கிவிட்டு, குரூடன் என்பார் தொகுத்த சொல்லடைவு ஒன்றை மாத்திரம் துணைக்கொண்டு, முதல் அதிகாரத்திலிருந்து வசனம் வசனமாகப் படிக்கலானார்.

இரண்டு ஆண்டுப் படிப்பின் முடிவில் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரம். 2,300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்பது அங்குள்ள செய்தி. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டைக் குறிக்கும் என்பது பலர் முன்னரே கையாண்ட ஒரு முறை. மில்லரும் அதனையே கொண்டார். பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேம் பற்றிக் கட்டளை பிறப்பித்த கி.மு. 457-இலிருந்து 2,300 ஆண்டுகளை எண்ணினார். விடை 1843 என வந்தது. பரிசுத்த ஸ்தலம் என்பது இவ்வுலகே என்றும், சுத்திகரிப்பு என்பது கிறிஸ்து வரும்போது நிகழும் நியாயத்தீர்ப்பே என்றும் அவர் முடிவு செய்தார்.

இம்முடிவுக்கு அவர் வந்தது 1818-இல். முதன்முதலாக மேடையேறியதோ 1831-இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளையும் எளிதில் கடந்துவிடலாகாது. அக்காலத்தில் அவர் தமது கணக்குக்கு எதிராக எழக்கூடிய ஐயங்களைத் தாமே எழுப்பித் தாமே ஆராய்ந்தார். பேசுமாறு எவரேனும் வந்து அழைத்தாலன்றிப் பேசுவதில்லை என்று தமக்குள் ஒரு நிபந்தனையும் வகுத்துக்கொண்டார். அந்நிபந்தனையை வகுத்த சிறிது நேரத்திலேயே அழைப்பு வந்துவிட்டது என்பது அவரே கூறிய செய்தி. பிறர் பிழையைத் தேடுவோர் உலகில் மலிந்துள்ளனர். தம் பிழையைத் தாமே தேடிப் பதின்மூன்று ஆண்டு காத்திருப்பவர் அரியர்.

ஆனால், தனித்துக் கற்றவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அவன் எழுப்பும் வினாக்கள் அவன் அறிவின் எல்லைக்கு உட்பட்டவை. அந்தோவர் குருத்துவக் கல்லூரியில் எபிரேய மொழி கற்பித்த மோசே ஸ்ருவாட் 1842-இல் வெளியிட்ட நூலில், தானியேல் கூறும் நாள் சாதாரண நாளே என்றும், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய காலத்தையே அது குறிக்கும் என்றும் வாதிட்டார். யோன் டவுலிங் என்ற பப்ரிஸ்த போதகரோ, 2,300 என்பது காலைப் பலியையும் மாலைப் பலியையும் தனித்தனி எண்ணியதால் வந்த தொகை, ஆகவே 1,150 நாட்களே கொள்ளத்தக்கவை என்றார். மறுக்க வந்தவர்களே ஒருவரோடொருவர் ஒத்துப்போகவில்லை என்பதை மில்லரின் அன்பர்கள் சுட்டிக்காட்டி மகிழ்ந்தனர். மறுப்போர் இருவர் முரண்பட்டதனால் மில்லரின் கணக்கு மெய்யாகிவிடுமா என்று கேட்பார் அங்கு இலர்.

கணக்கிலும் ஒரு சிறு பிழை இருந்தது. கி.மு. முதலாம் ஆண்டை அடுத்து வருவது கி.பி. முதலாம் ஆண்டே, நடுவிலே பூச்சிய ஆண்டு கிடையாது. ஆகவே கி.மு. 457-இன் நடுவில் தொடங்கும் 2,300 ஆண்டுகள் 1843-இல் அன்று, 1844-இலேயே முடிவுறும்.

1840-இல் பொஸ்டன் நகரப் போதகர் யோசுவா ஹைம்ஸ் இவ்வியக்கத்துக்கெனப் பத்திரிகை தொடங்கினார். 1842-இல் தீர்க்கதரிசன விலங்குகளும் எண்களும் தீட்டிய பெரும் படம் அச்சாகிக் கூட்டந்தோறும் தொங்கிற்று. படத்திலே எண்ணைத் தீட்டலாம். ஐயத்தைத் தீட்ட இயலுமா? நாளைச் சொல்லுங்கள் என்று அன்பர்கள் நெருக்கினர். 1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையே என்று மில்லர் எல்லை வகுத்தார். அந்த நாளும் நேரமும் மனிதர் அறியாதவை என்று மத்தேயு சுவிசேஷம் கூறவில்லையா என்று கேட்டோர்க்கு, நாளையும் நேரத்தையும் எவரும் குறிக்கவில்லை, ஆண்டையே குறித்தோம் என விடை கூறப்பட்டது.

எல்லை கடந்தது. மில்லர் மறைக்கவில்லை. தாம் பிழைபட்டதையும் ஏமாற்றம் அடைந்ததையும் வெளிப்படையாக எழுதினார்; வருகை அண்மையில் உள்ளது என்ற நம்பிக்கையை மாத்திரம் விட்டுவிடவில்லை. அத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் ஓகஸ்ற் மாதத்தில் சாமுவேல் சினோ என்பவர் யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் பத்தாம் நாளை எடுத்து, அது 1844 ஒக்ரோபர் 22 என்று கூறவே, கூட்டம் முழுவதும் அந்நாளைப் பற்றிக்கொண்டது. மில்லர் நெடுநாள் தயங்கி, ஒக்ரோபர் முதல் வாரத்தில் இணங்கினார். ஆண்டையே கூறுகிறோம் என்ற பழைய விடை அன்றோடு பொய்த்தது.

சில விவசாயிகள் விளைந்த பயிரை அறுவடை செய்யாது விட்டனர். சிலர் கடைகளை மூடினர், கடன்களைத் தீர்த்தனர். நம்பியோர் தொகை சுமார் 50,000 என மில்லர் மதிப்பிட்டார். 22-ஆம் திகதி வந்தது, இரவாயிற்று, மறுநாளும் விடிந்தது. விடியும்வரை அழுதவர்களின் துயரத்தை அவர்களே பின்னர் எழுதி வைத்துள்ளனர்.

நகைத்தவர்களின் நிலை என்ன? மில்லரின் அன்பர்கள் வெள்ளாடை தைத்து அணிந்து கூரைமீதும் குன்றுமீதும் ஏறி நின்றனர் என்ற கதை பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 1944-இல் பிரான்சிஸ் நிக்கொல் என்பவர் பழைய பத்திரிகைகளை ஆராய்ந்து, அக்கதைக்குத் தக்க ஆதாரம் இல்லை எனக் காட்டினார். அவர் அவ்வியக்கத்தின் வழிவந்த சபையைச் சேர்ந்தவர் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆயினும் அவர் காட்டிய சான்றுகள் வலுவானவை. நாளைப் பற்றிச் சரியாக இருந்தவர்கள் ஆடையைப் பற்றிக் கேட்டதையெல்லாம் நம்பினார்கள்.

இவ்விடத்தில் ஐசாக் நியூற்றனை நினைத்தல் பொருந்தும். தானியேல் ஆகமத்தை அப்பேரறிஞரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 2060-க்கு முன் முடிவு வரக் காரணமில்லை, பிந்தியும் வரலாம் என அவர் கையெழுத்துத் தாளொன்றில் குறித்திருக்கிறார். அங்ஙனம் குறித்ததன் நோக்கம், நாள் குறித்துக் குறித்துப் பிழைபட்டு வேதத்துக்கு இழுக்குத் தேடுவோரை நிறுத்துவதே என்றும் எழுதினார். அவர் அந்தத் தாளை அச்சுக்குக் கொடுக்கவில்லை.

ஏமாற்றத்தின் பின் இயக்கம் பல கூறாகப் பிரிந்தது. நாள் பிழையன்று, நிகழ்ச்சியையே பிழையாக உணர்ந்தோம், அது விண்ணுலகில் நிகழ்ந்தது என்று ஒரு சாரார் கொண்டனர். அவர்கள் வழியில் 1863-இல் ஏழாம் நாள் அத்வெந்து சபை அமைந்தது. மில்லருக்கு அவ்விளக்கம் உவப்பாயிருக்கவில்லை. மனிதர் வகுத்த காலக்கணக்கில் சில ஆண்டுப் பிழை இருக்கலாம் என்பதே அவர் கருத்து. புதிய நாள் எதனையும் அவர் பின்னர்க் குறிக்கவில்லை. தாம் எதிர்பார்க்கும் நாள் ‘இன்று’ என்பதே என்று அவ்வாண்டு நவம்பரில் ஹைம்சுக்கு எழுதினார்.

1845-இல் அவருடைய பப்ரிஸ்த சபை அவரை விலக்கிற்று. 1848-இல் தம் இல்லத்தருகே சிற்றாலயம் ஒன்றைக் கட்டுவித்தார். அடுத்த ஆண்டு டிசெம்பர் 20-இல் காலமானார். அவ்வாலயச் சுவரில் தானியேல் ஆகமத்திலிருந்து எடுத்த வாசகம் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. குறித்த காலத்தில் முடிவு வரும் என்பது அதன் பொருள். ஆண்டு எதுவும் அதில் இல்லை.